உங்களுக்குத் தெரியுமா? ஐந்து பேரழிவுகளும் அவற்றைத் தாண்டி வந்த உயிர்களும்

★ பூமியில் இதுவரை தோன்றிய உயிரினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இன்று இல்லை. நாம் பார்க்கும் காக்கை, வேம்பு, கெண்டை மீன், மனிதன் எல்லாமே மிஞ்சிய அந்த ஒரு பங்குக்குள் அடக்கம். மறைந்தவற்றில் பெரும்பாலானவை பேரழிவில் மறைந்தவையும் அல்ல. ஓர் இனத்தின் ஆயுள் பொதுவாகப் பத்து லட்சம் ஆண்டு முதல் ஒரு கோடி ஆண்டு வரை. அது முடிந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியே மறைந்துபோனது. பேரழிவு என்பது வேறு. கடலிலும் கரையிலும், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இனங்கள், உலகம் முழுவதும் ஒரே காலத்தில் மறைவதுதான் பேரழிவு.

★ ஓர் உயிரினம் அடியோடு அழியக்கூடும் என்பதை 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பிய அறிஞர்கள் பலர் நம்பவில்லை. எங்கோ ஒரு காட்டில் அது இன்னும் இருக்கும் என்றே எண்ணினார்கள். 1796இல் பாரிஸில் ஜார்ஜ் குவியே என்ற 26 வயது இளைஞர் அந்த நம்பிக்கையை உடைத்தார். அவர் ஆராய்ந்தது யானை மண்டையோடுகளை. இலங்கையிலிருந்து போன ஒன்றையும் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து போன ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல்லையும் தாடையையும் ஒப்பிட்டார். ஆசிய யானையும் ஆப்பிரிக்க யானையும் வேறு வேறு இனம் என்று நிறுவினார். அடுத்து, சைபீரிய மண்ணில் கிடைத்த மாமத யானையின் எலும்பு இந்த இரண்டோடும் பொருந்தவில்லை என்று காட்டினார். அத்தனை பெரிய விலங்கு உயிரோடு இருந்தால் யார் கண்ணிலும் படாமல் இருக்குமா? அழிந்துவிட்டது என்பதைத் தவிர வேறு விடை இல்லை. ‘இன அழிவு’ அறிவியலுக்குள் நுழைந்த கதையில் ஓர் இலங்கை யானைக்கும் பங்கு உண்டு.

★ தொல்லுயிர் ஊழி, இடையுயிர் ஊழி, புத்துயிர் ஊழி என்று பாடநூல்களில் படிக்கிறோம். இந்த மூன்று பிரிவும் யாரோ வசதிக்காகக் கோடு போட்டுப் பிரித்தவை அல்ல. இங்கிலாந்தின் ஜான் பிலிப்ஸ் 1841இல் பாறை அடுக்குகளைப் பார்த்தபோது, இரண்டு இடங்களில் கீழ் அடுக்கின் உயிர்களுக்கும் மேல் அடுக்கின் உயிர்களுக்கும் தொடர்பே இல்லாததுபோல் இருந்தது. அந்த இரண்டு இடங்களையே எல்லையாக வைத்தார். அவை இரண்டுமே பேரழிவுகள் என்பது அவர் காலத்துக்குப் பின்னால் தெளிவானது.

★ ‘ஐந்து பேரழிவுகள்’ என்ற கணக்கு 1982இல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜாக் செப்கோஸ்கி ஆண்டுக்கணக்கில் நூலகங்களில் உட்கார்ந்து, கடல் விலங்குக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் எந்தக் காலப் பாறையில் முதலில் தெரிகிறது, எதில் கடைசியாகத் தெரிகிறது என்று பட்டியல் போட்டார். டேவிட் ராப் என்பவரோடு சேர்ந்து அதைக் கணக்கிட்டபோது, மற்றக் காலங்களைவிட அழிவு மிகுந்து நின்ற ஐந்து இடங்கள் தனியே தெரிந்தன. புதிய பாறை எதையும் உடைக்காமல், ஏற்கெனவே அச்சில் இருந்தவற்றைப் பொறுமையாகப் படித்தே கண்டறிந்த உண்மை இது. அறிவியலில் இந்த வகை உழைப்புக்கு நாம் தரும் மதிப்பு போதாது.

★ நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன், ஒரு காலத்தில் பெரும்பாலான உயிர்களுக்கு நஞ்சு. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பசும் பாக்டீரியாக்கள் வெளியிட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியது. அதுவரை ஆக்சிஜன் இல்லாமலே வாழ்ந்த நுண்ணுயிர்களின் சந்ததிகள் இன்று சேற்றுக்கு அடியிலும் மாட்டின் இரைப்பையிலும் ஒதுங்கி வாழ்கின்றன. அன்று எத்தனை இனங்கள் மடிந்தன என்று எண்ணிச் சொல்ல எலும்பும் ஓடும் இல்லை. ஐந்து என்ற கணக்கில் இது சேராததற்கு அதுவே காரணம்.

★ முதல் பேரழிவு சுமார் 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஓர்டோவிசியன் காலத்தின் முடிவில் நடந்தது. அதன் தடயம் சகாரா பாலைவனத்தில் இருக்கிறது. அல்ஜீரியாவில், கொளுத்தும் வெயிலில் கிடக்கும் பாறைகளின் மேல் பனிப்பாறைகள் உரசிப் போன கோடுகள் இன்றும் தெரிகின்றன. இன்றைய வட ஆப்பிரிக்கா அப்போது தென்துருவத்தை ஒட்டி இருந்தது. தண்ணீர் பனியாக உறைந்து நிலத்தில் தங்கியதால் கடல்மட்டம் இறங்கியது. உயிர்கள் செழித்திருந்த ஆழமற்ற கடல்கள் வற்றின. பனி உருகியபோது மீண்டும் ஓர் அடி. கடலில் இருந்த இனங்களில் 85 விழுக்காடு வரை போயின.

★ இரண்டாவது பேரழிவில் மரங்களுக்கும் பங்கு இருந்திருக்கலாம். டெவோனியன் காலத்தில், 37 கோடி ஆண்டுகளுக்கு முன், முதல் காடுகள் பரவின. ஆழமாகப் போன வேர்கள் பாறையைப் பொடித்து மண்ணாக்கின. அந்த மண்ணின் சத்து ஆற்றோடு கடலில் கலந்து, பாசி பெருகி, கடல்நீரில் ஆக்சிஜன் குறைந்தது என்பது ஒரு வலுவான கருத்து. குளத்தில் உரம் கலந்தால் மீன் செத்து மிதக்கிறதே, அதே வேதியியல்தான். அன்றைய மாபெரும் பவளத்திட்டுகள் சரிந்தன. தலையில் எலும்புக் கவசம் பூண்டிருந்த மீன்கள் அந்தக் காலத்தின் முடிவோடு முற்றிலும் மறைந்தன. அவற்றில் டங்கிலியோஸ்டியஸ் அந்தக் கடல்களின் மிகக் கொடிய வேட்டை மீன்.

★ உங்கள் கையில் ஏன் ஐந்து விரல்? டெவோனியன் காலத்தின் முதல் நான்கு கால் விலங்குகளில் அகந்தோஸ்டெகாவுக்கு முன்காலில் எட்டு விரல். இக்தியோஸ்டெகாவுக்குப் பின்காலில் ஏழு. பேரழிவுக்குப் பின் வந்த நான்கு கால் விலங்குகளில் ஐந்துக்கு மேற்பட்ட விரல் அமைப்பு நிலைக்கவில்லை. அந்த அழிவின் குறுகிய வாசல் வழியே யார் நுழைந்து வந்தார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பல்லிக்கும் தவளைக்கும் வௌவாலுக்கும் நமக்கும் கை எலும்புகளின் அடிப்படை வரைபடம் ஒன்றே.

★ ஐந்தில் மிகக் கொடியது மூன்றாவது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், கடல் இனங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. 90ஐத் தாண்டியது என்று சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு. காரணம் சைபீரியா. நிலம் பிளந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் எரிமலைக் குழம்பு வழிந்தது. குழம்பைவிடக் கொடுமை செய்தது அது ஊடுருவிய இடம். அடியில் இருந்த நிலக்கரியையும் உப்பு அடுக்குகளையும் அது சுட்டது. கரியமில வாயுவும் ஓசோன் படலத்தை அரிக்கும் வாயுக்களும் காற்றில் ஏறின. வெப்பமண்டலக் கடல் சுமார் 10 டிகிரி சூடேறியது. சூடான நீரில் ஆக்சிஜன் நிற்காது. கடல் மூச்சுத் திணறியது, அமிலமும் ஏறியது. எல்லாம் சேர்ந்து அடித்தபோது, ஒன்றைத் தாங்கியவை மற்றொன்றில் வீழ்ந்தன.

பூமிக்கு அடியில் புதைந்து கிடந்த கரி எரிந்து காற்றில் ஏறியதால் நேர்ந்த அழிவு இது. இந்த ஒரு பத்தியை மட்டும் வாசகர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

★ அவ்வளவும் எத்தனை காலத்தில் நடந்தது? சீனாவின் மெய்ஷான் என்ற இடத்தில், அழிவு எல்லைக்குக் கீழும் மேலும் இருக்கும் எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் உள்ள சிர்கான் படிகங்களின் வயதை அளந்து 2014இல் விடை சொன்னார்கள்: ஏறத்தாழ 60,000 ஆண்டுகள். மனிதக் கணக்கில் நீளம். 25 கோடி ஆண்டுக் கணக்கில் ஒரு நொடி.

★ அந்த எல்லையை இந்தியாவிலும் தொட்டுப் பார்க்கலாம். காஷ்மீரில் ஸ்ரீநகருக்கு அருகே கோன்மோ பகுதியில் குர்யுல் பள்ளத்தாக்கு இருக்கிறது. பெர்மியன் காலம் முடிந்து டிரயாசிக் காலம் தொடங்கும் இடம் அங்கே பாறைச் சரிவில் அப்படியே தெரிகிறது. உலகத்துக்கான அளவுகோல் எல்லையாக எதை வைப்பது என்ற போட்டியில் குர்யுலும் இருந்தது. 2001இல் மெய்ஷான் தேர்வானது.

★ எந்தப் பேரழிவும் பூச்சிகளைப் பெரிதாக அசைத்ததில்லை, பெர்மியன் இறுதி ஒன்றைத் தவிர. அப்போது மட்டும் பூச்சிகளின் பல வரிசைகள் முழுவதுமாக மறைந்தன.

★ டிரைலோபைட் என்ற கடல் விலங்கு 27 கோடி ஆண்டுகள் வாழ்ந்தது. கால்சைட் படிகத்தாலான கண் வில்லைகள் அதற்கு இருந்தன. ஓடு மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். ஆபத்து வந்தால் மரவட்டையைப் போலச் சுருண்டுகொள்ளும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைப் பெயரிட்டிருக்கிறார்கள். முதல் இரண்டு பேரழிவுகளையும் தாண்டியது, ஆனால் ஒவ்வொன்றிலும் இளைத்துக்கொண்டே வந்தது. மூன்றாவதில் முடிந்துபோனது. நம் இனம் தோன்றி 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது.

★ 1912 பிப்ரவரியில், தென்துருவத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கேப்டன் ஸ்காட்டின் குழு, பசியாலும் குளிராலும் நலிந்த நிலையில், பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் நின்று கல் பொறுக்கியது. பின்னர் அவர்களின் உடல்களைக் கண்டெடுத்தபோது, பக்கத்தில் 16 கிலோ பாறைகளும் இருந்தன. உயிர் போகும் நிலையிலும் அந்தச் சுமையை அவர்கள் இறக்கி வைக்கவில்லை. அந்தப் பாறைகளில் இருந்தது குளோசோப்டெரிஸ் என்ற மரத்தின் இலைப்பதிவு. அதே மரம்தான் ராணிகஞ்ச், ஜாரியா, சிங்கரேணி நிலக்கரியில் பெரும்பகுதியாகப் புதைந்திருக்கிறது. பனிமூடிய அண்டார்டிகாவும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன என்பதற்கு அந்த இலை ஒரு பெரிய சான்றானது. பெர்மியன் இறுதியில் குளோசோப்டெரிஸ் காடுகள் வீழ்ந்தன. (நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இந்தக் கணக்கில் வராது. அது டைனோசர்களும் போய் வெகுகாலத்துக்குப் பின் உருவானது.)

★ பெர்மியன் அழிவுக்குப் பின் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் உலகில் எங்குமே நிலக்கரி உருவாகவில்லை. கரியாக மாறும் அளவுக்குச் சதுப்புக் காடுகள் இல்லை.

★ மனிதர் இல்லாத உலகில் ஒரே விலங்கு எங்கும் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. லிஸ்ட்ரோசாரஸ், பன்றி அளவில், இரண்டு கோரைப்பற்களோடு, இலை தின்று வளை தோண்டி வாழ்ந்த விலங்கு. பெர்மியன் அழிவுக்குப் பின் தென்னாப்பிரிக்காவின் கரூ பாறைகளில் கிடைக்கும் முதுகெலும்பு விலங்குகளில் மிகப் பெரும்பாலானவை இதுதான். இந்தியாவில் தாமோதர் பள்ளத்தாக்கில் கிடைத்தது. சீனாவில் கிடைத்தது. அண்டார்டிகாவிலும் கிடைத்தது. வலிமையாலோ வேகத்தாலோ அது வென்றதாகச் சொல்ல முடியாது. வளைக்குள் வாழ்ந்ததும், கிடைத்த செடியைத் தின்றதும், சீக்கிரம் இனப்பெருக்கம் செய்ததும் உதவியிருக்கலாம். பேரழிவில் யார் பிழைப்பார்கள் என்பதை நல்ல காலத்தில் யார் தலைசிறந்து வாழ்ந்தார்கள் என்பதை வைத்துச் சொல்ல முடிவதில்லை. இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் உண்மை இது.

★ டைனோசர்கள் பிறந்தவுடனே உலகை ஆளவில்லை. டிரயாசிக் காலத்தின் பெரும்பகுதி முதலைகளின் உறவினர்களுடையது. இரண்டு காலில் ஓடியவை, கவசம் பூண்டவை, இலை தின்றவை, பெரும் வேட்டை விலங்குகள் என்று அவற்றில்தான் வகை அதிகம். 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருங்கண்டம் பிளந்து, அட்லாண்டிக் கடல் திறக்கும் முன் எரிமலைகள் வெடித்தன. அந்த நான்காவது பேரழிவில் முதலை உறவுகளில் பெரும்பாலானவை மறைய, டைனோசர்களுக்கு இடம் கிடைத்தது. நியூயார்க் நகருக்கு எதிரே ஹட்சன் ஆற்றின் கரையில் சுவர்போல் நிற்கும் கரும்பாறை, அந்த எரிமலைக் காலத்தில் உறைந்த குழம்புதான்.

★ ஐந்தாவது பேரழிவின் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு விரல் பருமன் களிமண். இத்தாலியின் குப்பியோ நகர் அருகே சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே அது கிடந்தது. அதற்குக் கீழ் டைனோசர் காலம், மேலே பாலூட்டிகள் காலம். இந்தக் களிமண் படிய எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று அறிய விரும்பினார் நிலவியலாளர் வால்டர் ஆல்வாரெஸ். அவருடைய தந்தை லூயிஸ் 1968இல் இயற்பியல் நோபல் பெற்றவர். விண்தூசி பூமியில் ஒரே சீராக விழுகிறது, அதில் இரிடியம் இருக்கிறது, ஆகவே களிமண்ணில் இரிடியத்தை அளந்தால் காலம் தெரியும் என்று யோசனை சொன்னார். பிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் என்ற இரு வேதியியலாளர்கள் அளந்தார்கள். எதிர்பார்த்தது துளி. கிடைத்தது சுற்றியுள்ள பாறையைவிட 30 மடங்கு. டென்மார்க்கில் எடுத்த களிமண்ணில் இன்னும் அதிகம். 1980இல் நால்வரும் வெளியிட்ட முடிவு: சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று பூமியில் மோதியது. கடிகாரம் தேடிப் போனவர்கள் கொலையாளியைக் கண்டுபிடித்தார்கள்.

★ அந்தக் கல் விழுந்த குழி அதற்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டிருந்தது. 1978இல் மெக்சிகோவின் யுகட்டான் கடற்பகுதியில் எண்ணெய் தேடிக்கொண்டிருந்த கிளென் பென்ஃபீல்ட் என்ற புவி இயற்பியலாளர், காந்தப்புல அளவீட்டில் பிரமாண்டமான வளைவு ஒன்றைப் பார்த்தார். அது விண்கல் குழி என்று அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டது 1991க்குப் பிறகு. சிக்சுலுப் என்ற ஊரின் பெயரைப் பெற்ற அந்தக் குழியின் விட்டம் சுமார் 180 கிலோமீட்டர். விழுந்த இடம் மோசமான இடம். கந்தகம் நிறைந்த ஜிப்சம் பாறை ஆவியாகி வானத்தை மறைத்தது. ஒளி குறைந்தது, செடி வாடியது, இலை தின்பவை பட்டினி, அவற்றைத் தின்பவையும் பட்டினி.

★ அந்த விண்கல் விழுந்தபோது வசந்தகாலம். அமெரிக்காவின் வட டகோட்டாவில், மோதல் கிளப்பிய அலையில் புதைந்த மீன்களின் எலும்பு வளர்ச்சிக் கோடுகளைப் படித்து 2022இல் இதைச் சொன்னார்கள். அந்த மீன்களின் செவுளில் விண்கல் மோதலில் உருகித் தெறித்த கண்ணாடி மணிகள் சிக்கியிருந்தன. பூமியின் வட பாதியில் உயிர்கள் குஞ்சு பொரிக்கும் பருவம்.

★ அஜந்தாவும் எல்லோராவும் எந்தக் கல்லில் குடையப்பட்டவை? தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த கல்லில். ஐந்தாவது பேரழிவை ஒட்டிய காலத்தில் அது வழிந்தது. இன்று எஞ்சியிருப்பது மட்டுமே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். டைனோசர்களைக் கொன்றது விண்கல்லா, தக்காண எரிமலையா என்ற வழக்கு நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. எரிமலையின் பக்கம் நின்று உறுதியாக வாதாடியவர் கெர்டா கெல்லர் என்ற பெண் அறிஞர். கடல் உயிர்கள் சட்டென்று மறையும் இடமும் இரிடியம் அடுக்கும் உலகெங்கும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கும்போது, கொன்றது விண்கல்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எரிமலையைக் கணக்கிலிருந்து அடித்துவிட இன்னும் முடியவில்லை.

★ டைனோசர் காலத்துக் கடலின் தடயம் அரியலூரில் இருக்கிறது. கிரெட்டேசியக் காலத்தில் கடல் இன்றைய அரியலூர், பெரம்பலூர் வரை உள்ளே வந்திருந்தது. காரைப் பகுதியின் செம்மண் பள்ளங்களில் சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் மற்றக் கடல் உயிர்களின் படிவங்களும் கிடைக்கின்றன. சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரம் கிடக்கிறது. அதை 1940இல் உலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர் அவர்தான். கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புப் பாறை முழுக்கச் சிப்பி. அந்தப் பாறையைத்தான் வெட்டிச் சிமெண்ட் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் பல வீடுகளின் சுவரில் டைனோசர் காலத்துச் சிப்பி கலந்திருக்கிறது.

இந்தப் படிவங்களை முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் பெர்டினாண்ட் ஸ்டொலிஸ்கா. 1860களில் தொடங்கி, நத்தை, சிப்பி, அம்மோனைட்டு என்று தொகுதி தொகுதியாக விளக்கினார். 1874இல் இமயமலைப் பயணத்தில் உயரம் தாங்காமல் நோயுற்று லடாக்கில் இறந்தார். தென்னிந்தியத் தொல்லுயிர் படிக்கும் எவரும் இன்றும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

★ அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1980களில் புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளின் வரிசையில் வைத்துப் பேச வேண்டிய ஒன்று. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. பொடியும் தன்மையுள்ள பாறையில் இருந்ததால் உதிர்ந்து போயின. மிஞ்சியவை படங்களும் வரைபடங்களும். தமிழ் மண்ணின் இத்தனை பெரிய சொத்து இப்படிக் கரைந்துபோனதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

★ அம்மோனைட்டும் நாட்டிலஸும் பார்வைக்கு ஒன்றுபோல் சுருண்ட ஓடு கொண்டவை. அம்மோனைட்டு எண்ணிக்கையிலும் வகையிலும் பல மடங்கு அதிகம், 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் கொடிகட்டிப் பறந்தது. விண்கல்லுக்குப் பின் அம்மோனைட்டு இல்லை, நாட்டிலஸ் இருக்கிறது. அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடல்மேல் மிதவைகளோடு வாழ்ந்தவை. மேல்மட்ட உணவு அற்றதும் அவை மடிந்தன. நாட்டிலஸ் ஆழத்தில் பெரிய முட்டையிடும், அதன் குஞ்சு மெதுவாக வளரும், எதையும் தின்னும்.

★ டைனோசர்கள் முழுவதும் அழியவில்லை. உங்கள் வீட்டுக் கோழி ஒரு டைனோசர். ஆனால் பறவைகளிலும் பெரும்பாலானவை அன்று போயின. காடுகள் எரிந்து விழ, மரத்தில் வாழ்ந்தவை வீழ்ந்தன, தரையில் வாழ்ந்தவை தப்பின என்பது 2018இல் வெளியான ஆய்வின் முடிவு. காடு அழிந்ததற்குச் சாட்சி, இரிடியம் கொண்ட அந்தக் களிமண்ணுக்கு மேலே வித்துத்தூள்கள் நிறைந்து கிடக்கும் பெரணி. கரிந்த நிலத்தில் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் பெரணிதான்.

★ கொலராடோவின் கோரல் பிளஃப்ஸ் என்ற இடத்தில் கிடைத்து 2019இல் அறிவிக்கப்பட்ட படிவங்கள், விண்கல்லுக்குப் பிந்திய பத்து லட்சம் ஆண்டுகளை ஆண்டுக் கணக்கேடுபோல் காட்டுகின்றன. தப்பிய பாலூட்டிகள் எலி அளவு. ஏழு லட்சம் ஆண்டுக்குள் 50 கிலோ எடையுள்ள பாலூட்டிகள் வந்துவிட்டன. அதே அடுக்கில் அவரை, துவரைக் குடும்பத்தின் பழைய காய்களும் கிடைத்தன. புரதம் மிக்க பருப்பும் பெரிய உடலும் ஒன்றாக வந்தது தற்செயல் அல்ல என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

★ திமிங்கிலத்தின் உறவினர் ஒன்று காஷ்மீரில் கிடைத்தது, பூனையைவிடச் சற்றுப் பெரியது, மெலிந்த கால்களில் நடந்தது. காலகோட் பகுதியின் 4.8 கோடி ஆண்டுப் பாறைகளை நிலவியலாளர் ஏ. ரங்கா ராவ் சேகரித்து வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் அவருடைய மனைவி அவற்றை ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் ஒப்படைத்தார். அங்கே ஒரு மண்டையோடு தவறி உடைந்தது. உடைந்த இடத்தில் தெரிந்த காது எலும்பு திமிங்கிலங்களுக்கு மட்டுமே உரிய வடிவில் தடித்திருந்தது. 2007இல் அந்த விலங்கு, இந்தோஹையஸ், திமிங்கிலங்களின் மிக நெருங்கிய உறவாக அறிவிக்கப்பட்டது. கடலின் பெரும் ஊர்வன விண்கல்லோடு போயிராவிட்டால் நிலத்து விலங்கு ஒன்றுக்கு அங்கே இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயம்தான்.

★ மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையை 2003இல் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசூயிட்டும் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் இருக்கும், மழைக்கு மேலே வந்து முட்டையிட்டுத் திரும்பும். அதன் நெருங்கிய உறவுகள் கடலுக்கு அப்பால் சேஷெல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இந்தியாவும் சேஷெல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் நினைவு அது. தக்காண எரிமலையையும் விண்கல்லையும் பார்த்த பரம்பரை. இதன் இன்னோர் இனம் 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. கோவையில் பணியாற்றி மறைந்த உயிரியலாளர் எஸ். பூபதியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

★ அழிந்தது என்று எழுதிவைத்த மீன் ஒன்று 1938இல் தென்னாப்பிரிக்காவில் வலையில் ஏறியது. சீலகாந்த். அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அதை மீன் குவியலில் கண்டு பத்திரப்படுத்தினார். கற்படிவங்களில் டைனோசர்களோடு காணாமல் போன கூட்டம் அது.

★ இந்தக் கூட்டங்கள் எல்லாம் மறைந்த பின் உலகம் மீள எத்தனை காலம்? பெர்மியனுக்குப் பின் பழைய அளவு வளம் திரும்ப ஐம்பது லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டு. பவளத்திட்டுகள் எப்போதும் கடைசியாகத்தான் எழும். திரும்பி வருவதும் பழைய இனங்கள் அல்ல. டிரைலோபைட்டு இருந்த கடலில் நண்டு வந்தது, டிரைலோபைட்டு வரவில்லை.

★ இப்போது நடப்பது ஆறாவது பேரழிவா? மனிதர் வரவால் டோடோ 17ஆம் நூற்றாண்டில் போயிற்று. 1741இல் கண்டறிந்த ஸ்டெல்லர் கடற்பசுவை 27 ஆண்டுகளில் தின்று தீர்த்தார்கள். வானை மறைத்துப் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சியகத்தில் இறந்தது. பத்து லட்சம் இனங்கள் அழிவின் ஆபத்தில் இருப்பதாக 2019இல் ஐ.நா. ஆதரவில் இயங்கும் அறிவியல் குழு மதிப்பிட்டது. ஆனாலும் நன்கு ஆராயப்பட்ட கூட்டங்களில் இதுவரை உண்மையில் அழிந்தவை சில விழுக்காடுதான். ஐந்து பேரழிவுகளின் 75, 80 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் நாம் இன்னும் வாசலில்தான் நிற்கிறோம். காப்பாற்ற வேண்டியவை பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன.

★ எண்ணிக்கை யாரையும் காப்பதில்லை என்பதற்கு நம் கண் முன்னாலேயே பாறுக் கழுகுகள் உண்டு. 1980களில் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்தவை. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சரிந்தது. காரணம், மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி. மாடு இறந்தால் பிணத்தைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்தது. இந்தியா 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. 2023இல் கீட்டோபுரோபென், அசெக்ளோபினாக் இரண்டையும் தடை செய்தது. தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி இன்னும் ஒரு கூட்டம் கூடு கட்டுகிறது. மாடு வளர்க்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாட்டுக்கு வலி மருந்து தேவைப்பட்டால் மருத்துவரிடம் மெலோக்சிகாம் கேளுங்கள். அது பாறுகளைக் கொல்வதில்லை.